அடிக்காத தகரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், முனி, காத்துக்கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான். ஏற்காட்டுக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டில் இருபத்தெட்டு வருடமாக வேலை செய்கிறேன். இருட்டிலும் பனியிலும் தனியாகவே நடந்தவன். பலா மரத்தில் தொங்கிய சாக்கைப் பார்த்து முனி என்று அலறியவர்களை நானே கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறேன். நீங்கள் இப்போதே சிரிக்கத் தயாராகிவிட்டீர்கள், தெரிகிறது. சிரியுங்கள், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. சோலைக் காட்டை ஒட்டிய மேல்காட்டில், காப்பிச் செடிகளுக்கு நடுவே, காட்டெருமைகள் வந்து படுத்துக் கிடக்கும். அதனால் காலை ஏழு மணிக்கு ஒருவன் பாறைமேல் ஏறி நின்று பழைய எண்ணெய் டின் ஒன்றைத் தட்டுவான். சத்தம் கேட்டதும் அதுகள் எழுந்து சோலைக்குள் போய்விடும். கீழே நிற்கிற ஆட்கள் "கேட்டுச்சுங்கோ" என்று குரல் கொடுப்பார்கள், அந்தக் குரல் வரும்வரை தகரம் அடிக்கிறவன் நிறுத்தக் கூடாது. தகரம் அடிக்காமல் யாரும் உள்ளே கால் வைக்கவும் கூடாது. அந்த வேலை என்னுடையது. முதலில் இரண்டு அடி மெதுவாக, பிறகு மூன்று அடி படபடவென்று, அது என் கைப்பழக்கம். காய்ச்சலோடுகூடப் போய் அடித்திருக்கிறேன், ஒரே ஒரு நாள் தவிர.

பங்களாவுக்கு வந்திருந்த விருந்தாளிகள் நாலு பேருக்கு மலையேறிக் காட்டெருமை பார்க்க வேண்டுமாம், கேமராவில் பிடிக்க வேண்டுமாம். முந்தின நாள் சாயந்திரம் எஸ்டேட் கணக்கெழுதுகிற ரைட்டர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏப்பா மாணிக்கம், நாளைக்கு அவுங்கள நீதான் மேல கூட்டிட்டுப் போவோணும். தகரத்தத் தட்டி எல்லாத்தையும் முடுக்கி உட்றாத. அவுங்க பாத்துட்டு எறங்குன பொறகு அடிச்சுக்கலாம்."

"ஆளுங்க வருவாங்களேங்க?"

"எல்லாத்தையும் கீக்காட்டுக்கு அனுப்பிச்சர்றன். நீ போ."

சரிங்க என்றேன். ரைட்டர் மேல் மட்டும் பழி போட மாட்டேன், தொப்பி போட்ட அந்த மனிதர்களுக்கு முன்னால் வழிகாட்டி மாதிரி நடக்க எனக்கும் ஒரு அற்ப ஆசை இருந்தது.

என் தங்கச்சி செல்வியின் புருஷன் வேலு, அதே எஸ்டேட்டில் நிழல் மரங்களில் ஏறிக் கிளை கழிக்கிறவன். அன்றைக்குக் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, ஒன்பது மணிக்கு மேல்தான் வேலைக்கு வந்திருக்கிறான். ஆட்கள் கீழ்காட்டுக்குப் போனது அவனுக்குத் தெரியாது. ஏழு மணிக்கே தகரம் அடித்திருப்பார்கள், மச்சான் எந்த நாளில் அடிக்காமல் விட்டார் என்று நேராக மேல்காட்டுக்கு ஏறிவிட்டான். என்னை நம்பி ஏறினான்.

நாங்கள் இன்னும் மேலே, புல்மேட்டில் நின்று மந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழேயிருந்து ஒரு அலறல் வந்தது. ஒன்றே ஒன்றுதான். நான் விழுந்தடித்து ஓடிப் போனபோது, செடிகளுக்கு நடுவே படுத்திருந்த ஒரு காட்டெருமை வேலுவைக் குத்திப் போட்டிருந்தது, மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. ஜீப் மலை இறங்குவதற்குள் மூச்சும் நின்றுவிட்டது.

விசாரிக்க வந்தவர்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி, தகரம் அடித்தாயா என்று. ரைட்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "அடிச்சேனுங்க" என்றேன். அவ்வளவுதான், மிச்சத்தை ஊரே பேசி முடித்துவிட்டது. தகரம் அடித்தும் மாடு நின்றது என்றால் வேலுதான் கிட்டப் போய்ச் சீண்டியிருப்பான், காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்திருப்பான் என்றார்கள். பொங்கலுக்குக்கூட ஒரு வாய் தொடாதவன் வேலு! எழவு வீட்டில் செல்வி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அவரு குடிக்க மாட்டாருங்கண்ணா. உங்களுக்குத் தெரியுமில்லீங்க? நீங்களாச்சும் சொல்லுங்கண்ணா."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சீ, நானும் ஒரு அண்ணன்!

இனிமேல் சொல்வதைத்தான் நீங்கள் நம்பப் போவதில்லை. ஒரு வருடம் கழிந்திருக்கும். மாரமங்கலத்தில் ஒரு காதுகுத்துக்குப் போய், சாப்பிட்டுக் கிளம்பும்போது பஸ்ஸை விட்டுவிட்டு, மலைப் பாதையில் நடந்தே திரும்பினேன். நல்ல பகல். நான் குடிப்பதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மேட்டில் ஏறும்போது பனி இறங்கியது, முன்னால் இருந்த பாறை மறைந்தது, பிறகு பாதையும் மறைந்தது. முதலில் மாட்டுக் கொட்டகை வாசனை வந்தது, அப்புறம் புஸ்ஸென்று மூச்சு. பத்தடி தள்ளி ஒற்றைக் காட்டெருமைக் கடா, முட்டிவரை நாலு காலும் வெள்ளையாக, என்னைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தி நிற்கிறது. வேலுவைக் குத்தியது அதுதானா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, கதைக்காக அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஓடினாலும் கத்தினாலும் பாய்ந்துவிடும் என்று அப்படியே நின்றேன். அப்போதுதான் கேட்டது. டங்... டங். அப்புறம் டங்டங்டங்.

எங்கள் எஸ்டேட் அங்கிருந்து இரண்டு மலை தள்ளி. காற்றுகூட இல்லை. ஆனால் அது என் டின், என் கை, இத்தனை வருடம் அடித்தவனுக்குத் தன் அடி தெரியாதா? கடா காதை விறைத்தது, தலையைத் தூக்கிச் சத்தம் வந்த திசையைப் பார்த்தது, திரும்பிப் பனிக்குள் போய்விட்டது.

சத்தம் நிற்கவில்லை. அடிக்கும், கொஞ்சம் பொறுக்கும், மறுபடி அடிக்கும். கீழே நிற்கிறவன் குரல் கொடுக்க வேண்டுமே, அதற்காகத்தான் பொறுக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அங்கே நின்றது நான் ஒருவன்தான். "கேட்டுச்சுங்கோ" என்று ஒரு சொல், நம்பினால் நம்புங்கள், என் வாயிலிருந்து வரவேயில்லை. அன்றைக்குப் பொய் மட்டும் எவ்வளவு சுலபமாக வந்தது! மூன்று தடவை அடித்துவிட்டு அது ஓய்ந்தது. வந்து பார்த்தால் டின் ஸ்டோர் அறையில் பூட்டித்தான் இருந்தது, சாவி என் இடுப்பில்.

மறுநாள் காலை பாறைமேல் ஏறி அடித்தேன். ஆட்கள் குரல் கொடுத்தார்கள். செடிகளுக்கு நடுவே ஏழெட்டு உருப்படி படுத்திருந்தன, ஒன்றுகூடக் காதை ஆட்டவில்லை. கை மரத்துப்போகும்வரை அடித்தேன், அதுகள்பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருந்தன. கடைசியில் கீழே நின்ற ஆட்களில் ஒருவனான பழனியைக் கூப்பிட்டு அதே டின்னை அவன் கையில் கொடுத்தேன். ஒரே அடிதான், எல்லாம் எழுந்து ஓட்டம் பிடித்தன. இன்றுவரை இப்படியே நடக்கிறது. மாட்டுக்குப் பழகிப்போச்சு என்கிறார் ரைட்டர். அப்படியானால் பழனி கைக்கு மட்டும் ஏன் ஓடுகின்றன என்று கேட்டால் கணக்குப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிடுகிறார். நான் முதலில் அடிப்பதையும் விடவில்லை, பிறகுதான் பழனி அடிப்பான்.

இதெல்லாம்கூடப் போகட்டும். வேலு போனபிறகு செல்வியும் எஸ்டேட் வேலைக்கு வருகிறாள், மேல்காட்டில்தான் பழம் பறிக்கிறாள். அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன், தினமும் விழுங்கிவிடுகிறேன். நான் அடித்து முடிப்பேன். மற்ற எல்லோரும் "கேட்டுச்சுங்கோ" என்பார்கள். அவள் மட்டும் குரல் கொடுக்காமல் நிற்பாள். பாறையடிக்கு வந்து, முகத்தில் கோபமோ கேலியோ எதுவும் இல்லாமல், என்னை அண்ணாந்து பார்த்துக் கேட்பாள்.

"ஏனுங்கண்ணா, இன்னைக்கு நீங்க தகரம் அடிக்கலீங்களா?"

அவளுக்குக் கேட்கத்தான் இல்லையா, இல்லை எல்லாம் தெரிந்துதான் கேட்கிறாளா, சத்தியமாக எனக்குத் தெரியாது.

"அடிச்சேன் சாமி" என்கிறேன். விசாரிக்க வந்தவர்களிடம் சொன்ன அதே வார்த்தைதான், இப்போது உண்மை. செல்வி சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, பழனி டின்னைக் கையில் எடுக்கும்வரை அங்கேயே நிற்கிறாள்.