தலையணை போட்டு ஓட்டிய கார்

அறுபத்தாறு வயதில், மகன் ஆசைப்பட்டான் என்று தாழ்வான காரை வாங்கிவிட்டேன். முன்னால் ரோடு சரியாகத் தெரியாததால் சீட்டில் தலையணை போட்டு ஓட்டினேன்.

அமாவாசையன்று மேல்மலையனூர் கோயில் கூட்டத்தில் ஆடு ஒன்று குறுக்கே ஓடியது. பிரேக்கை அழுத்தியதும் தலையணை வழுக்கி, என் கால் நழுவிவிட்டது. பதறிப்போய் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். பூக்காரப் பெண்ணின் கூடைக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது.

“இன்னாம்மா, ரோடு தெரியுதா இல்லியா?” என்று கத்தினாள் அவள்.

“தெரியலம்மா” என்றேன்.

“அப்ப தெரியற வண்டியா வாங்கு!”

அந்தக் காரைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கப் போன ஷோரூமில், இந்த முறை நிறத்தைப் பார்க்கவில்லை. உயரமான காரில் ஐந்து தடவை ஏறி இறங்கினேன். முட்டி வலிக்கவில்லை.

“தீப்பெட்டி மாதிரி இருக்குதும்மா” என்றான் மகன். இருக்கட்டுமே!

போன அமாவாசைக்கு அந்தப் பூக்காரப் பெண்ணைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். ஓரமாக நிறுத்தி, இரண்டு முழம் பூ வாங்கினேன்.