தினமும் ஆறு கிலோமீட்டர்

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் வாங்கிய பழைய கார், அதற்கு முன் குடகில் ஒரு காபித் தோட்டத்தில் ஓடியது. மைசூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்த என் அலுவலகத்துக்கு நான்தான் அதை ஓட்டிப் போவேன். கணவர் தொழிற்சாலை பஸ்ஸில் போய்வந்தார். ஆக்சிலரேட்டரைத் தொட்டால் போதும், வண்டி பாயும். கரும்பு வண்டிகளை டாப் கியரிலேயே தாண்டிவிடலாம். வேகம் கூடினால் மட்டும் இன்ஜின் காதைத் துளைத்தது. பழைய வண்டி அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

பெட்ரோல்தான் நிற்கவில்லை. இரண்டாவது மாதம் ஒரு காலையில் கணவர் கார் மீட்டரைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

“உன் ஆபீஸ் பதினாறு கிலோமீட்டர். போய்வந்தா முப்பத்திரண்டு. மீட்டர் தினமும் முப்பத்தெட்டு காட்டுது. எங்கயாச்சும் சுத்திட்டு வரியா?”

“நேராத்தான் போறேன், நேராத்தான் வரேன்.”

“சரி” என்றார். குரலில் கோபமில்லை. அவர் நம்பவில்லை என்பது மட்டும் புரிந்தது.

அன்று சாலையோரக் கிலோமீட்டர் கற்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஐந்து கல் தாண்டுவதற்குள் மீட்டர் ஏறக்குறைய ஆறு ஓடியிருந்தது. திரும்பும்போதும் அப்படியே.

ஞாயிற்றுக்கிழமை கணவரையும் கூட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். கொள்ளேகாலத்துக்காரர், தமிழ் பேசுவார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “இது எங்க ஓடுன வண்டிங்க?” என்றார்.

“குடகுல, எஸ்டேட்ல.”

அவர் பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். அடியில் இன்ஜின் பக்கமிருந்து பின்னால் போகும் நீளத் தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்.

“அக்கா, சக்கரத்தை ரெண்டு சுத்து சுத்துங்க. சார், கீழ படுத்து அந்தக் கோடு எத்தனை தடவை வருதுன்னு எண்ணுங்க.”

சுற்றினேன். “அஞ்சுக்கு மேல வருது” என்றார் கணவர்.

“கம்பெனி போட்டதுன்னா நாலரைதானுங்க வரணும். மலை ஏறணும்னு பின்னாடி பல்சக்கரத்தை மாத்தியிருக்காங்க. சக்கரம் ஒரு சுத்து போக இன்ஜின் ஜாஸ்தியாச் சுத்துது. இழுவை நல்லா இருக்கும், பெட்ரோலும் குடிக்கும். மீட்டர் கேபிள் கியர்பாக்ஸ்ல இருந்து வருதுங்களா, அதுவும் ஜாஸ்தியாத்தான் ஓடும்.”

கணவர் முதுகெல்லாம் மண்ணோடு வெளியே வந்தார். மெக்கானிக் டீ குடிக்கப் போனதும் என் பக்கத்தில் வந்தார்.

“நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.”

“ஆமா” என்றேன். சக்கரத்தின் கரி ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

“மாத்திடலாமா, இப்படியே இருக்கட்டுமா? ஓட்டறது நீதான், நீயே சொல்லு.”

மெக்கானிக் திரும்பி வந்ததும், “மாத்தினா இந்தப் பாய்ச்சல் இருக்காதுங்க்கா” என்று எச்சரித்தார். என் பாதையில் மலை ஏது? மாற்றச் சொன்னேன்.

வண்டி நிதானமாகிவிட்டது. சிக்னலில் நான் கிளம்புவதற்குள் பின்னால் ஹாரன் அடித்தார்கள். கரும்பு வண்டியைத் தாண்ட மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. ஆனால் ஒரு வாரம் வந்த பெட்ரோல் இன்னொரு நாளுக்கும் வந்தது. கணவர் அன்று கேட்டது மனதிலிருந்து போக அந்த வருடம் முழுவதும் ஆயிற்று. அதற்குப் பிறகு மேல்கோட்டை மலைக்குப் போன ஒரு ஞாயிறு, ஏற்றத்தில் இரண்டாவது கியரில் ஊர்ந்துகொண்டிருந்தோம். மீட்டரை ஒருமுறைகூடப் பார்க்காமல், பக்கத்தில் அவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.