கேனில் ஒட்டிய சிவப்பு டேப்

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவளுக்குப் பம்பரம் என்று பேர் வைத்தது வேனில் வரும் பிள்ளைகள்தான். பிறகு தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது. சிக்னலில் வண்டி நின்றால் கண்ணாடியைத் துடைப்பாள். விருந்துக்குப் போன வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். ஆற அமர உட்கார்ந்து அவளை யாரும் பார்த்ததில்லை, கட்டின புருஷன் உட்பட.

புருஷன் நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். காலமெல்லாம் தண்ணீரில் கிடந்த மனுஷனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதும் தண்ணீரே எதிரியாகிவிட்டது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் அளந்துவிட்டார். கூடினால் நுரையீரலில் ஏறிவிடும். ஒரு தடவை ஏறியும்விட்டது. மூச்சுத் திணறியவரை வேனில் போட்டுக்கொண்டு அவள் ஓட்டிய ஓட்டத்தைப் பார்த்திருந்தால் எமனே ஓரமாக ஒதுங்கி நின்றிருப்பான். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பயம். தான் வெளியே போயிருக்கும்போது இவர் குடித்துவிட்டால்?

ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டால் கொஞ்சத் தண்ணீரிலேயே தாகம் அடங்கும் என்று டயாலிசிஸ் நர்ஸ் சொன்னாள். ட்ரேயை முறுக்கி ஐஸ் எடுக்க அவர் கையில் வலு இல்லை. மகள் வீடு மாறும்போது கொடுத்துவிட்டுப் போன ஃப்ரிட்ஜில், தானே ஐஸ் செய்து டப்பாவில் கொட்டும் இயந்திரம் இருந்தது. ஆனால் அதற்குச் சுவரிலிருந்து குழாய் வர வேண்டும். வாடகை வீடு; வீட்டின் சொந்தக்காரரோ சுவரில் ஆணி அடித்தாலே தன் நெஞ்சில் அடித்த மாதிரி துடிப்பவர். முடியவே முடியாது என்றுவிட்டார்.

பம்பரம் விடுவாளா? தண்ணீர்க் கேனை ஃப்ரிட்ஜின் தலைமேல் ஏற்றி, பின்பக்கமாக ட்யூபை இறக்கிவிட்டாள். தண்ணீர் பள்ளத்துக்குத் தானே ஓடும் என்பது அவள் கணக்கு. மருந்துக்குக்கூட ஒரு துண்டு விழவில்லை. ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வந்து சிரித்தார். உள்ளே இருக்கும் வால்வுக்கு வேகமாகத் தள்ளும் தண்ணீர்தான் வேண்டுமாம். கையடக்கமான ஒரு பம்ப்பைப் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனார். கேன் கீழே இறங்கிச் சமையல் மேடைக்கடியில் உட்கார்ந்தது. இயந்திரம் தண்ணீர் கேட்கும்போதெல்லாம் பம்ப் லேசாக முனகும், கொடுத்துவிட்டு அடங்கும். டப்பா நிறைந்துவிட்டால் இயந்திரம் கேட்காது. அவர் எத்தனை எடுக்கிறாரோ அத்தனையைத்தான் மறுபடி செய்யும்.

அங்கேதான் அவளுக்கு ஒரு யோசனை உதித்தது. அவர் குடிப்பதெல்லாம் இப்போது ஐஸாகத்தான். குழாய்த் தண்ணீருக்கு அளவு ஏது? கேனுக்கு உண்டே. தினமும் காலையில் தண்ணீர் மட்டத்தில் ஒரு சிவப்பு டேப்பை ஒட்டினாள். அவருக்கு அனுமதித்த அளவு இறங்கினால் தண்ணீர் எங்கே நிற்குமோ அங்கே, ஒரு விரற்கடை கீழே, இன்னொன்று. சாயங்காலம் வேனை நிறுத்திவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் குனிந்து பார்ப்பாள். தண்ணீர் இரண்டு டேப்புக்கும் நடுவில் நின்றால்தான் அவளுக்கு மூச்சு வரும். கேனைப் பார்த்த பிறகுதான் தன் முகத்தைப் பார்க்கிறாள் என்று அவர் மகளிடம் ஃபோனில் குறைப்பட்டுக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் தண்ணீர் கீழ் டேப்பையும் தாண்டி எங்கேயோ கிடந்தது. அவள் நேரே அவரிடம் போய் நின்றாள்.

"எவ்வளவு எடுத்தீங்க?"

"எப்பவும் எடுக்கறதுதான்."

"அப்ப கேன் பொய் சொல்லுதா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "கேன் சொல்றத நம்பு. இத்தனை வருஷம் கூட இருந்தவன் சொல்றத நம்பாத."

அதற்குமேல் அவர் வாயைத் திறக்கவில்லை, பேச்சுக்கும் சரி, ஐஸுக்கும் சரி. அவள் நொடிக்கொரு தரம் வந்து கணுக்கால் வீங்கியிருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டார். விடிந்தபோது உதடு வெடித்திருந்தது.

மறுநாள் டயாலிசிஸ். நாலு பேர் காதில் விழும்படி நர்ஸிடம் முறையிட்டாள், இவர் கேனையே குடித்துவிட்டார் என்று. அவர் எடை மெஷினில் ஏறி நின்றார். கூடுதலாகக் குடித்திருந்தால் அது எடையில் தெரிந்துவிடும்.

"எடை ஏறவே இல்லியே அக்கா," என்றாள் நர்ஸ். "வழக்கத்தவிடக் கம்மி. பாவம், வாய் வேற காஞ்சு கெடக்கு."

அவர் யாரையும் பார்க்காமல் கட்டிலுக்குப் போய்விட்டார்.

காத்திருக்கும் கூடத்தில் பம்பரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாள், நடந்தாள், கைப்பையிலிருந்து துணியை எடுத்து ஜன்னல் விளிம்பைத் துடைத்தாள். பாதியில் கை நின்றது. நேற்றுக் காலையும் இதே துணிதான். ஐஸில் வெங்காய வாடை அடிக்கிறதென்று டப்பா முழுவதையும் தொட்டியில் கொட்டி, இந்தத் துணியால் துடைத்து, காலி டப்பாவை உள்ளே வைத்துவிட்டு வேனுக்கு ஓடியிருந்தாள். அதை நிரப்பத்தான் இயந்திரம் பகலெல்லாம் தண்ணீர் கேட்டிருக்கிறது. கேனும் பொய் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.  தாகத்தோடு கிடப்பவரைத் திருடனாக்கியது அவள்தான்.

திரும்பும் வழியில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ரோட்டையே பார்த்தபடி கேட்டுக்கொண்டு வந்தார்.

"நீ ஒரு நிமிஷம் சும்மா இருந்திருந்தா," என்றார் கடைசியில், "அந்த டப்பாவும் பொழச்சிருக்கும், நானும் பொழச்சிருப்பேன்."

வீட்டுக்கு வந்ததும் நேரே மேடைக்கடியில் குனிந்து டேப்பைப் பிய்க்கப் போனாள். அவர் தடுத்தார்.

"இருக்கட்டும். எனக்கும் பயம் இருக்கு. ஆனா இனிமே நான் பாத்துச் சொல்றேன். நீ பாக்கக் கூடாது."

அவள் தலையாட்டினாள். டப்பாவிலிருந்து இரண்டு துண்டு எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள். ஒன்றை அவர் வாயில் அடக்கிக்கொண்டு கண்ணை மூடினார். எதிர் நாற்காலியின் நுனியில் அவள் தொற்றிக்கொண்டிருந்தாள்.

சற்று நேரத்தில் சமையலறையில் பம்ப் முனகியது. அவள் கால் தானாகத் தரையில் ஊன்றியது.

"உக்காரு," என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.