கல்லறை இல்லாதவர்களுக்குச் சோறு

பாதர் அந்த வரைபடத்தைப் பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் தானே வரைந்திருந்தார். நடுவே நீலமாக மத்தியதரைக் கடல். அதைச் சுற்றி எருசலேம், அந்தியோக்கியா, கொரிந்து, உரோமை. ஊர்களை இணைத்துச் சிவப்பு மையில் பாதைகள். ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பேஸ்மென்ற் சுவரில் அதை ஒட்டிவைத்துவிட்டு, ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்துச் சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஆதித் திருச்சபை பரவிய கதையைச் சொல்லுவார். வன்னியில் பங்குச் சுவாமியாக இருந்தவரை மேற்படிப்புக்கென்று ரொறன்ரோவுக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் விட்டுவந்த சனங்கள் அப்போது, 2009 போரின் கடைசி மாதங்களில், கடற்கரையில் ஒரு துண்டு மணலுக்குள் ஒடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

என் அக்காவின் ஒரே மகனும் அந்த மணலில்தான் இருந்தான். அக்காவைக் கனடாவுக்கு எடுத்தபோது அவனுக்கு வயது கடந்துவிட்டதென்று விசா கிடைக்கவில்லை. மாசிக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு போனும் வரவில்லை. நானும் அக்காவும் ஒரே பேக்கரித் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. சிஃப்ற் முடிந்து நேரே வகுப்புக்கு வந்து, பாதி கேட்டும் பாதி தூங்கியும் இருப்போம். அந்த நாட்களில் எல்லோர் முகத்திலும் அதே தூக்கம்தான்.

ஒருநாள் பாதர், முதல் வேதசாட்சியான புனித முடியப்பரைக் கல்லெறிந்து கொன்ற இடத்துக்கு வந்தார். அதற்குப் பிறகு எருசலேமில் இருக்க முடியாமல் சனங்கள் நாலாபக்கமும் ஓடினார்கள். போதிக்கவென்று புறப்பட்டவர்களை விட இப்படி உயிருக்குப் பயந்து ஓடியவர்களால்தான் விசுவாசம் முதலில் அந்தியோக்கியா வரைக்கும் போனது என்றார். "எங்கட சனம் மல்வேர்னுக்கும் மோர்னிங்சைட்டுக்கும் வந்த மாதிரித்தான்." கேட்டவர்கள் பெருமையோடு தலையாட்டினார்கள்.

அக்கா இருந்த இடத்திலேயே கேட்டா: "அப்ப பாதர், எங்கட பிள்ளையள் அங்க சாகிறதும் எதையோ பரப்பத்தானோ?"

குரலில் கோபம் இருக்கவில்லை, அலுப்புத்தான் இருந்தது. பாதர் பாடத்தை அத்தோடு நிறுத்தினார். பிறகு ஒரு சிறிய செபத்தோடு எங்களை அனுப்பிவிட்டார்.

அடுத்த நாள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் சொன்னார்: "அக்கா, நான் படிச்ச புத்தகங்களில ஓடினவையின்ர கதைதான் இருக்கு. ஓட ஏலாமல் கிடந்தவையைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. நானும் அவையை யோசிக்கேல்லை."

அதன்பிறகு வகுப்பு நடக்கவில்லை. செய்தி வராத வீடுகளுக்கெல்லாம் போய்ச் சும்மா இருந்துவிட்டு வருவதே அவருடைய வேலையாகிவிட்டது.

வைகாசியில் போர் முடிந்துவிட்டதென்று ரிவி சொன்னது. சில கிழமைகள் கழித்து, அகதி முகாமிலிருந்து ஒரு பெண் யாருடையவோ போனில் கூப்பிட்டு, அக்காவின் மகன் ஷெல் விழுந்து செத்ததைத் தான் கண்டதாகச் சொன்னாள். எந்த நாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. உடலை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்களாம்.

அக்கா கோயிலில் மகனுக்காகப் பூசை வைக்க மறுத்துவிட்டா. "உடலும் இல்லை, நாளும் இல்லை. என்னத்தைச் சொல்லிப் பூசை வைக்கிறது?" சமையலையும் விட்டுவிட்டா. பேக்கரிப் பாணும் தேத்தண்ணியுமாக வேலைக்குப் போய் வந்தா.

பாதர் வற்புறுத்தவில்லை. கிழமைக்கொருதரம் வந்து பக்கத்தில் இருப்பார். ஒருநாள் உரோமையில் நிலத்துக்குக் கீழே இருந்த கல்லறைகளைப் பற்றிச் சொன்னார். அந்தக் காலத்தில் ஏழைகளும் அடிமைகளும் செத்தால் ஒழுங்காக அடக்கம் செய்ய ஆள் இருக்காதாம்; கிறிஸ்தவர்கள் அவர்களையும் தங்கள் ஆட்களாக எடுத்து அடக்கினார்களாம். ஆண்டு நினைவுக்குக் கல்லறையடியில் கூடியிருந்து சாப்பிடுவார்களாம். அப்படிச் சாப்பிட வந்தவர்களாலும் அந்தச் சபை பெருகியிருக்கும் என்பது அவருடைய எண்ணம்.

"எங்களுக்குக் கல்லறை இல்லை, அக்கா. ஆனா சாப்பிடலாம் தானே?"

 அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா விளைமீன் வாங்கி, மகனுக்குப் பிடித்த மாதிரிப் புளி கூடப் போட்டுக் குழம்பு வைத்தா. பாதர் பையனின் பெயரை ஒருதரம் சொல்லிச் செபித்தார். மூன்று பேரும் சாப்பிட்டோம். பாதி சோற்றில் அக்கா அழத் தொடங்கினா. செய்தி வந்த பிறகு அன்றைக்குத்தான் அழுதா. பாதர் எழும்பவில்லை. தன் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டு அவவோடு இருந்தார்.

கீழ்மாடியில் இருந்த சைவ சமயத்துப் பெண் ஒருத்தி மணம் பிடித்து வந்து விசாரித்தா. அங்கே செத்த அவவின் புருசனுக்கும் நாள் தெரியாது. அடுத்த வருசம் வைகாசியில் நாங்கள் திரும்பவும் சமைத்தபோது அவவும் ஒரு கறியோடு வந்தா. பிறகு அவவுக்குத் தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள். ஒருவரும் மதம் மாறவில்லை. பாதரும் மாறச் சொல்லவில்லை. படிப்பை முடிக்காமலே வன்னிக்குத் திரும்பிப் போனார். அங்கே முகாமிலிருந்து வந்தவர்களோடு இருந்து, சில வருசங்களில் நோயில் காலமானார். இப்போது சாப்பிட முன் அவருடைய பெயரையும் சேர்த்துத்தான் சொல்லுகிறோம்.

இந்த வைகாசியில் எனக்கு முழங்கால் ஏலாது. அக்காவுக்கும் எழுபது தாண்டிவிட்டது. "இந்த முறை விடுவம் அக்கா, களைச்சுப் போனம்," என்றேன்.

அக்கா மீனைக் கழுவிக்கொண்டே சொன்னா: "எனக்கும் களைப்புத்தான். வாற சனத்துக்கு ஆர் சமைக்கிறது? நீ அந்த வெங்காயத்தை உரி."