முந்நூற்றுப் பதினோராவது இடம்

துர்லிபெக்குக்கு ஐம்பத்து நான்கு வயது. அதில் பாதிக்கு மேல் ஆட்டு ரத்தத்தோடு போயிற்று. அல்மாட்டியில் ஒரு பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் துறையில் வேலை. மலையோரத்துப் பட்டிகளிலிருந்து வரும் ரத்தத்தைச் சோதித்து, சாரிப் நோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்வார். சாரிப் கண்ட ஆடு குட்டியைச் செத்ததாக ஈனும். அதை வெறுங்கையால் இழுத்துப் போடுகிறவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். பிறகு மாதக்கணக்கில் காய்ச்சல், மூட்டு வலி. வயிற்றில் பிள்ளை இருந்தால் அதற்கும் ஆபத்து. இதையெல்லாம் அவர் மாவட்டக் கால்நடை இதழில் எழுதிவந்தார். மேய்ப்பர்கள் படித்தார்கள். படித்துவிட்டு அதிலேயே ரொட்டியை மடித்து எடுத்துப் போனார்கள். அதற்கு மேல் அவர் ஆசைப்பட்டதில்லை.

புதுத் துணைவேந்தர் வந்தார், பிடித்தது சனி. உலகப் பல்கலைக்கழகங்களைப் பாடவாரியாக வரிசைப்படுத்தும் பட்டியல் ஒன்றில் நம் நுண்ணுயிரியல் ஏறியே ஆகவேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். அந்தப் பட்டியல்காரர்களுக்கு ஆடும் தெரியாது, ஆளும் தெரியாது. ஒரு கட்டுரையை வேறு எத்தனை கட்டுரைகள் மேற்கோள் காட்டின என்ற கணக்கு ஒன்றுதான் தெரியும். மாவட்ட இதழுக்குப் பூஜ்யம். மேற்கோள் இல்லாதவர்களின் ஒப்பந்தம் கோடையில் நீளாது என்று துறைத் தலைவி ஜவ்ரெஷ் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னாள். துர்லிபெக்கை மட்டும் பார்க்காமல் சொன்னாள். அது யாருக்கு என்று அதிலேயே எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

பிப்ரவரி தொடக்கத்தில் மலையோரத்து ஊரான கெகெனிலிருந்து வரும் மினிபஸ்ஸில், ஒரு கம்பளிக் காலுறைக்குள் ரத்தக்குழாய்கள் வந்து இறங்கின. அனுப்பியவன் அவருடைய அக்கா குல்யாஷின் மகன் பெகெட். போன வருடம் அவன் பட்டியில் சில குட்டிகள் செத்தே பிறந்திருந்தன. மார்ச் நடுவில் அடுத்த ஈற்று. அவன் மனைவி மர்ஜானுக்கு இது நான்காம் மாதம், தலைப்பிள்ளை. கணவன் வீட்டுப் பெரியவர்களின் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை. துர்லிபெக்குக்கு அவள் வைத்த பெயர் 'கண்ணாடி மாமா'.

"இன்னொரு சாக்ஸ் எங்கன்னு தேடாதீங்க மாமா," என்றான் பெகெட் போனில். "அத நான் போட்டிருக்கேன்."

"ரத்தத்துல உன் கால் நாத்தம்தான்டா தெரியப்போகுது."

"தெரிஞ்சா தெரியட்டும். ஈத்துக்கு முன்னால சொல்லிருங்க. மர்ஜானப் பட்டிக்குள்ள விடறதா வேணாமான்னு அத வச்சுத்தான்."

"நாளைக்கே பாத்துடறேன்."

அன்றே ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்துக் குளிர்பெட்டியில் வைத்தார். மிச்சம் பெரிய வேலை இல்லை. ஒரு சொட்டு சீரம், ஒரு சொட்டு இளஞ்சிவப்பு மருந்து. தட்டில் கலந்து அசைக்கவேண்டும். திரிந்த பால் மாதிரி மணிமணியாகத் திரண்டால் நோய். ஊற்றிவைத்த தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

மறுநாள் ஜவ்ரெஷ் வந்து நின்றாள். பட்டியலுக்கான கணக்கை மாதக் கடைசியோடு மூடுகிறார்களாம். அதற்குள் அச்சேறிவிடும் மாநாட்டுத் தொகுப்புகளுக்குத் துறை முழுக்கக் கட்டுரைகள் எழுதவேண்டும். ஒவ்வொன்றிலும் மற்றவர்களை மேற்கோள் காட்டவேண்டும். பந்தியில் கறித்துண்டை மாறி மாறி ஊட்டிவிடுகிற பழக்கம் நமக்கு உண்டு அல்லவா, அதே பழக்கம்தான். தயிரைப் பற்றி எழுதியவன் எண்ணெய்க் கசிவைப் பற்றிய கட்டுரையைச் சான்றாகக் காட்டினான். கூச்சநாச்சம் யாருக்கும் இல்லை.

"துரெகே, உங்க பேர நாங்க ஆறு பேர் தூக்கிவிடறோம்," என்றாள், அவர் பெயரை மரியாதையாகச் சுருக்கி. "நீங்க எங்களத் தூக்க வேணாமா?"

துர்லிபெக் தூக்கினார். காலையிலிருந்து இருட்டும்வரை தூக்கினார். குளிர்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் குழாய்கள் கண்ணில் பட்டன. நாளைக்கு என்று மூடினார். அவரைச் சோம்பேறி என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மனிதர் பயந்துபோயிருந்தார். பயந்தவன் மாடு மாதிரி உழைப்பான், செய்யவேண்டிய ஒன்றைத் தவிர.

பெகெட் மறுபடி கூப்பிடவில்லை. கெட்ட செய்தி என்றால் பெரியவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். பேசாமலிருந்தால் நல்லது என்று பொருள். தாய்மாமனிடம் எவ்வளவு கேலி வேண்டுமானாலும் பேசலாம். ஒப்புக்கொண்ட காரியத்தை இரண்டாம் முறை கேட்டால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். அப்படித்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம்.

கணக்கு மூடி, துறையில் கேக் வெட்டினார்கள். மறுநாள் காலை துர்லிபெக் குழாய்களை எடுத்தார். முதல் தட்டிலேயே திரண்டது. அடுத்ததிலும் திரண்டது. கையோடு போன் போட்டார்.

"பெகெட், மர்ஜான் எங்கடா?"

"பட்டியிலதான் மாமா. இந்த வாட்டி முன்னாலயே ஆரம்பிச்சிருச்சு. நெறைய செத்துத்தான் வருது. அவதான் இழுத்துப் போடறா, கை சின்னதுல்ல."

"வெளிய வரச் சொல்லு. இப்பவே."

ஆடுகளின் சத்தத்துக்கு நடுவே அவன் மர்ஜானைக் கத்திக் கூப்பிட்டுவிட்டுப் போனுக்குத் திரும்பினான்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையே மாமா. அதான் நல்லாருக்குன்னு நெனச்சோம்."

ஏப்ரலில் மர்ஜானுக்குக் காய்ச்சல் கண்டது. ஏப்ரல் முடிவதற்குள் குழந்தை போய்விட்டது, பையன். பார்க்கப் போன துர்லிபெக்கை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. லேபில் கூட்டமாக இருந்திருக்கும், நீ என்ன பண்ணுவாய் என்று அக்காவே அவருக்குச் சமாதானம் சொன்னாள். அவர் "ம்" என்றார். குழாய்கள் குளிர்பெட்டியில் சும்மா கிடந்ததைச் சொல்லவில்லை.

பெகெட்டின் பட்டியில் நடந்ததைக் கட்டுரையாக்கினால் வெளிநாட்டில் எடுபடும் என்று ஜவ்ரெஷ் நச்சரித்தாள். ஒப்பந்தம் தலைக்கு மேல் தொங்கியது, எழுதிக் கொடுத்தார். மரியாதைக்கு அவள் பெயர் முதலில், துணைவேந்தர் பெயர் கடைசியில். 'சோதனை முடிவுகள் ஈற்றுக்குப் பின்பே கிடைத்தன' என்று அதில் ஒரு வரி உண்டு. என்னவோ அவை தாமாக நடந்து வந்தமாதிரி. கட்டுரை எங்கெங்கோ மேற்கோள் காட்டப்பட்டது. இரண்டு வருடத்தில் நம் நுண்ணுயிரியல் முந்நூற்றுப் பதினோராவது இடத்தில் ஏறிக்கொண்டது. துர்லிபெக்கின் படத்தை வாசலில் மாட்டினார்கள்.

குல்யாஷ் பெருமை தாங்காமல் ஆடு அடித்தாள். தம்பிக்கு மரியாதை செய்யாமல் விடமுடியாது என்று ஒரே பிடிவாதம். சாக்குச் சொல்லிப் பார்த்தும் நடக்காமல் அவர் போய் உட்கார்ந்தார். சாப்பாட்டுக்கு முன் கழுவிக்கொள்ள, மர்ஜான் செம்பைக் கொண்டுவந்து அவர் கையில் வெந்நீர் ஊற்றினாள். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அவள் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன.

"எங்களப் பத்தி எழுதியிருக்கீங்களாமே. பாப்பாவப் பத்தியும் இருக்கா?" என்று குனிந்தபடி கேட்டாள்.

"ஒரு வரி இருக்கும்மா."

"நல்லதுதான் மாமா. படிக்கிறவங்களுக்காவது முன்கூட்டியே தெரியும்ல."

துண்டை நீட்டிவிட்டு எழுந்து போனாள். அவர் துடைக்கவும் மறந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேகவைத்த ஆட்டுத்தலையை அவர் முன்னால் வைத்தார்கள், முகம் அவரைப் பார்த்தபடி. அதை அறுத்துப் பங்கிடுவது மரியாதைக்குரிய விருந்தாளியின் வேலை. கத்தி பழக்கத்தில் நகர்ந்தது. முதலில் கன்னத்திலிருந்து ஒரு துண்டை அறுத்து அக்காவிடம் கொடுத்தார். அடுத்து காது. அது அந்த வீட்டுப் பிள்ளைக்கு உரியது. அறுத்துக் கையில் எடுத்த பிறகுதான் நிமிர்ந்தார்.

வாங்கிக்கொள்ள அந்த வீட்டில் பிள்ளை இல்லை. மர்ஜான் தேநீர்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதாவது சொல்லிவிடவேண்டும் என்று அவர் வாயைத் திறந்தார்.

"எனக்குக் குடுங்க மாமா," என்று பெகெட் முந்திக்கொண்டான். "இந்த வீட்டுல சின்னப் பையன் நான்தான்."

சிரிப்பு மூட்டத்தான் சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை. துர்லிபெக் அவன் வாயில் காதை ஊட்டினார். ஆட்டுக்காது குருத்தெலும்பு, மெல்ல வெகுநேரம் ஆகும். அவன் மென்று விழுங்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.