இரண்டு கோப்பும் ஒன்றுதானா?

இரண்டு கோப்புகள் ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்வதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள், அந்த வேலைக்குச் சம்பளம் வாங்கிப் பார்த்ததில்லை. கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியவர்களே, உங்களுக்குப் புரியும். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், கும்மிடிப்பூண்டியில் இரும்புத் தண்டு செய்யும் ஒரு கம்பெனியில், ‘ஆர்’ என்கிற புள்ளியியல் மொழியை வைத்துக்கொண்டு நான் அதைத்தான் செய்தேன். தண்டுகளை அளந்து பதிவது மீஞ்சூர் ஸ்டெல்லா. காண்ட்ராக்ட் பெண், நிரந்தரம் ஆகும் நேரம். கணக்கு இடித்தால் முதலில் அவளைத்தான் பிடிப்பார்கள்.

கூட்டினாலும் தப்பு

ஸ்டெல்லாவின் அளவுகளைக் கூட்டி, அதே அளவுகளைச் சென்னை ஆபீஸ் கூட்டியதோடு சமமா என்று கேட்டேன். ‘ஃபால்ஸ்’, அதாவது சமமில்லை என்றது. திரையில் இரண்டும் ஒரே எண். மேனேஜர் ஸ்டெல்லாவை முறைத்தார்.

பாதி நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு தெரிந்தது: தசம எண்களைக் கம்ப்யூட்டர் தன் வசதிக்குக் கொஞ்சம் வெட்டி வைத்துக்கொள்ளும், கூட்டுகிற வரிசை மாறினால் எங்கோ கடைசி இலக்கத்தில் பிசிறு தட்டும். பிசிறைக் கண்டுகொள்ளாத இன்னொரு கட்டளை இருந்தது. அதைப் போட்டேன், சமம் என்றது. ஷிப்ட் சூப்பர்வைசர் கபீர் பாய் பழவேற்காட்டுக்காரர். அவர் சொன்னார்: “தண்டுக்கே துளி முன்னே பின்னே இருக்கலாம்னு டாலரன்ஸ் குடுக்கறோம், கம்ப்யூட்டருக்கும் கொஞ்சம் குடுத்துட்டுப் போங்க மேடம்.”

தலைப்பு

இன்னொரு நாள் எண்கள் எல்லாம் சரி, ஆனாலும் ஃபால்ஸ். சென்னையில் யாரோ ஒரு நெடுவரிசையின் தலைப்பை மாற்றி எழுதியிருந்தார்கள். கணக்கு ஒத்தால்தான் சரக்கு வெளியே போகும் என்பதால், நான் அதைத் தேடிப் பிடிக்கும் வரை சரக்கு லாரி கேட்டிலேயே நின்றது. டிரைவர் கேட்டார்: “பேர மாத்தி எழுதினா சரக்கு மாறிடுமாம்மா? காலைலேர்ந்து நாஷ்டா கூட துன்னாம நின்னுகினு இருக்கேன்.”

ட்ரூ

ஒரு செவ்வாய்க்கிழமை, பிசிறைக்கூட ஒப்புக்கொள்ளாத அந்தக் கறார் கட்டளையே ‘ட்ரூ’, சமம்தான் என்றது. சந்தோஷப்படப் போனவள், கோப்பின் பெயரைப் பார்த்தேன். கை தவறி, அன்றைய அளவுகளைத் திங்கட்கிழமை அளவுகளோடு ஒப்பிட்டிருந்தேன். வேறு வேறு தண்டுகள் அத்தனையும் மூன்றாவது தசமம் வரை ஒன்றாக இருக்க வழியே இல்லை. யாரோ பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

பின்னால் நின்ற மேனேஜரும் பார்த்துவிட்டார். ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார். “அளக்கற கேஜு முள்ளு காலைலேர்ந்து நகரல சார்” என்றாள். வேலை போயிற்று என்றே நினைத்தேன். பாவமாக இருந்தது. கபீர் பாய்க்கு அந்த மாதம் புரமோஷன் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவர் பேசாமலே இருந்திருக்கலாம். முன்னால் வந்து சொன்னார்: “லாரி நிக்குதேன்னு நேத்து அளவையே போடச் சொன்னது நான்தான் சார், அந்தப் பொண்ண ஒண்ணும் கேக்காதீங்க.”

ஸ்டெல்லா நிரந்தரமானாள், பாய்க்குப் புரமோஷன் தள்ளிப்போனது, நான் மட்டும் ‘சமம்’ என்று வந்தால் உடனே எழுந்து போய் கேஜைத் தட்டிப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.