கை நீட்டாத டிக்கெட்

காலை ஏழு மணி டவுன் பஸ்ஸை நிறுத்தப் போகிறார்கள் என்று கண்டக்டரே சொன்னார். கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் எங்கள் ஊர் வரை அந்த நேரத்துக்கு வருவது அது ஒன்றுதான். அதை விட்டால் கள்ளக்குறிச்சியில் எனக்குக் கல்லூரி இல்லை. "பஸ்ஸு நின்னா வூட்லயே இரு. ஹாஸ்டலுக்கெல்லாம் நம்மால ஆவாது" என்று அப்பா முடித்துவிட்டார்.

சாயங்காலமே மனுவுக்குக் கையெழுத்து வாங்க நோட்டும் பேனாவுமாக டீக்கடைக்குப் போய் நின்றேன்.

"கவர்மெண்டு பஸ்ஸு இன்னைக்கு வரும், நாளைக்குப் படுத்துக்கும். பிரைவேட்டுக்குக் குடுத்தா டாண்ணு வருவான்" என்றார் ஒருவர்.

"வருவான், வருவான். ஒன்ன ஏத்திக்கினு போவத்தான் காத்துக்கினு கீறான்! பொம்பளைங்கள சும்மா ஏத்துவானா?" என்றார் கடைக்காரர்.

கவர்மெண்டு பஸ்ஸைத் திட்டியவரும் கையெழுத்துப் போட்டார்.

டிப்போ அதிகாரி மனுவைப் படிக்கவே இல்லை. கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். "ஏழு மணி டிரிப்புல அடிச்ச டிக்கெட்டுல பொம்பளைங்க அஞ்சாறு பேருதான். காலி பஸ்ஸ எப்படிம்மா ஓட்டறது?"

காலி பஸ்ஸா? கரும்பு வெட்டவும் சித்தாள் வேலைக்கும் போகிற பெண்கள் படிக்கட்டு வரை நிற்கிற பஸ். பொய்க் கணக்கு என்று கத்த வாயெடுத்தவள் அடங்கிப்போனேன். நான் கடைசியாக டிக்கெட் வாங்கியது எப்போது?

பெண்களுக்குக் காசு கிடையாது, சீட்டு உண்டு. ஆரம்பத்தில் இருந்த ஒரு கண்டக்டர் அதைக் கொடுக்கும்போதெல்லாம் "ஓசி, ஓசி" என்பார். அதோடு நாங்கள் கை நீட்டுவதை விட்டோம். இப்போதிருப்பவருக்கும் வேலை மிச்சம். கணக்கில் ஏறாதவர்களாகவே நாங்கள் தினமும் போய்வந்திருக்கிறோம்.

மறுநாள் பஸ்ஸில் சொன்னேன்: "எல்லாரும் டிக்கெட்டு கேளுங்க. இல்லன்னா இந்த பஸ்ஸு இல்ல."

"காசு குடுக்காம சீட்டு இன்னாத்துக்குடி? அந்தப் பேச்சு கேக்காம நிம்மதியா வந்துக்கினு கீறேன்" என்றாள் எங்கள் தெரு அத்தை.

"அந்தாளுதான் மாறிப் போய்ட்டாரே அத்தே."

"ஆளு போனா? வாயி எல்லாருக்கும் கீது."

கண்டக்டர் நெருங்கிவிட்டார். "கள்ளக்குறிச்சி ஒண்ணு குடுங்கண்ணா."

"இன்னாம்மா புதுசா? இத்தினி பேருக்கும் மிஷின்ல அடிச்சா வண்டி எப்பப் போய்ச் சேரும்?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நானும்தான்.

"லேட்டாத்தான் போவட்டுமே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அத்தைதான். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டியிருந்தாள். "எனக்கும் ஒண்ணு குடு."

பிறகு ஒவ்வொரு கையாக வந்தது. கண்டக்டர் விசிலடித்து வண்டியை ஓரங்கட்டினார். முனகிக்கொண்டே அடித்துக் கொடுத்தார்.

டிக்கெட் கணக்கு ஏறியதைப் பார்த்து, இன்னும் ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம் என்றார் அதிகாரி. இன்னும் அந்த பஸ் ஓடுகிறது. தினமும் அத்தனை டிக்கெட் அடித்து வருவதில், கல்லூரியின் முதல் வகுப்புக்குத்தான் நான் நேரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை.